நாற்பத்தெட்டில் ஒன்று

பெங்களூர், 1883. படைமுகாமுக்குப் புதிதாக வந்த இருபத்தாறு வயது ராணுவ டாக்டருக்குக் கொடுத்த பங்களாவில் குறை ஒன்றும் இல்லை, கொசுவைத் தவிர. எங்கிருந்து இத்தனை வருகின்றன என்று தேடிப் போனவர், ஜன்னலுக்கு வெளியே கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே புழு நெளிந்தது. தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. இதையே முகாம் முழுக்கச் செய்துவிடலாமே என்று படைப்பிரிவு அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அதிகாரி மசியவில்லை. கொசுவும் ஏதோ ஒரு காரணத்துக்காகப் படைக்கப்பட்டதுதான், பொறுத்துக்கொள்வதே நம் கடமை என்ற தோரணையில் அவர் பதில் சொன்னதாக டாக்டர் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

அந்த டாக்டர் ரொனால்ட் ராஸ். பள்ளிப் பாடத்தில் ஒற்றை வரியாக வருவார்: மலேரியாவைப் பரப்புவது கொசு என்று கண்டுபிடித்தவர். 1897 ஆகஸ்ட் 20-ம் தேதி செகந்திராபாத்தில் அது நடந்தது. அந்தத் தேதியைத்தான் ஆண்டுதோறும் உலகக் கொசு நாள் என்கிறார்கள். 1902-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பிரிட்டனுக்கு வந்த முதல் நோபல் அது.

ஆனால் அந்த ஒரு நாளை வைத்து ராஸை அளந்தால் பாதி ஆளைத்தான் பார்க்கிறோம். அவர் அதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தாலும் ஓரிரண்டு வருடத்தில் ரோம் நகரத்தில் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். அங்கே ஒரு குழுவே அதே வேட்டையில் இருந்தது. ஆனால் கொசுவை எல்லாம் ஒழிக்க வேண்டுமா, எவ்வளவு குறைத்தால் நோய் தானாக அடங்கும் என்று கேட்டு, உட்கார்ந்து கணக்குப் போட்டவர் அன்றைக்கு ராஸ் ஒருவர்தான். இன்றைக்கும் பயன்படுவது அந்தக் கணக்கு.

வேண்டா வெறுப்பாக ஒரு டாக்டர்

இமயமலைப் பகுதி மலை ஊரான அல்மோராவில் 1857 மே 13-ம் தேதி பிறந்தவர் ராஸ். அப்பா ராணுவ அதிகாரி, பிற்பாடு ஜெனரல். பத்துப் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பையனுக்குக் கவிதை, ஓவியம், இசை என்று மனசு அலைந்தது. அப்பா டாக்டருக்குப் படி என்றார். லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் ஏனோதானோ என்று படித்து முடித்து, 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். கிடைத்தது சென்னை மாகாணப் பிரிவு. சென்னை, பெங்களூர், பர்மா, அந்தமான் என்று மாறி மாறி வேலை.

ராணுவ டாக்டருக்கு அந்தக் காலத்தில் காலை இரண்டு மணி நேரம் நோயாளிகளைப் பார்த்துவிட்டால் மீதிப் பொழுது சொந்தப் பொழுது. மற்றவர்கள் போலோ ஆடினார்கள். ராஸ் நாவல் எழுதினார், கவிதை எழுதினார், எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்குப் போட்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே உயர்கணிதம் படித்தார். அவருடைய நாவல்களை இன்றைக்கு யாரும் படிப்பதில்லை, அதில் தவறும் இல்லை. ஆனால் சென்னை மாகாணத்து மதிய வெயிலில் பொழுதுபோக்காகப் படித்த அந்தக் கணக்கு, இருபத்தைந்து வருடம் கழித்து வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

மலேரியாவுக்குக் காரணம் சதுப்பு நிலத்து நச்சுக்காற்று என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. 1880-ல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ டாக்டர் லாவெரான், நோயாளியின் ரத்தத்தில் உயிருள்ள ஒட்டுண்ணியைப் பார்த்துவிட்டார். ராஸ் அதை நம்பவில்லை. நம்பாததோடு நிற்காமல், அப்படி ஒன்று கிடையாது, மலேரியா குடலில் ஆரம்பிக்கிற கோளாறு என்று கட்டுரையும் எழுதினார். 1894-ல் விடுமுறையில் லண்டன் போனபோது பாட்ரிக் மேன்சன் என்ற மூத்த டாக்டர் அவரை உட்கார வைத்து, மைக்ராஸ்கோப்பில் அந்த ஒட்டுண்ணியைக் காட்டினார். சீனாவில் வேலை பார்த்தபோது யானைக்கால் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதை 1877-லேயே கண்டவர் மேன்சன். மலேரியாவும் கொசு வழியாகத்தான் போகிறதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதை உறுதிப்படுத்த நீதான் ஆள் என்று ராஸைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நான்கைந்து வருடம் இருவருக்கும் இடையே கடிதமாகப் பறந்தது.

மேன்சனின் ஊகத்தில் ஒரு பாதி சரி, மறுபாதி தவறு. கொசு ஒரே ஒரு முறை ரத்தம் குடித்து, தண்ணீரில் முட்டையிட்டுச் செத்துவிடும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு மலேரியா வரும் என்று அவர் நினைத்தார். குருவாக்கு என்று ராஸும் கொசு செத்து ஊறிய தண்ணீரை ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். குடித்தவர்கள் ஏழைகள், சில்லறைக் காசுக்காகக் குடித்தார்கள். ஒருவருக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இன்றைய ஆய்வு நெறிக் குழு எதுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது. அன்றைக்குக் கேட்பார் இல்லை.

பேகம்பேட்டை

1895-ல் செகந்திராபாத்துக்கு வந்தார். பேகம்பேட்டையில் 19-வது மதராஸ் காலாட்படையின் மருத்துவர். பிடித்த கொசுவை நோயாளியின் கொசுவலைக்குள் விட்டு, கடிக்க வைத்து, சில நாள் உயிரோடு வைத்திருந்து, பிறகு அறுத்துப் பார்ப்பது வேலை. சாம்பல் நிறக் கொசு, வரிபோட்ட கொசு என்று நூற்றுக்கணக்கில் அறுத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவும் வாய்ப்பில்லை. சாம்பல் நிறக் கொசு கியூலெக்ஸ், வரிக்கொசு ஏடிஸ். மனித மலேரியா இரண்டிலும் வளராது. இதற்கு நடுவே காலரா வந்துவிட்டது என்று பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சாக்கடையோடும் நகராட்சியோடும் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடியது.

1897 ஏப்ரலில் விடுமுறை போட்டு ஊட்டிக்குப் போனார். அங்கிருந்து சீகூர் சரிவுக்கு இறங்கினார். இன்று கல்லட்டி வழியாக மசினகுடிக்குக் கொண்டைஊசி வளைவுகளில் வண்டி இறங்குகிற அதே பக்கம்தான். மலேரியாவுக்குப் பேர்போன இடம் என்று தெரிந்தே போனார். கொசுவலை கட்டி, ஜன்னலை அடைத்து, ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். அப்படியும் மலேரியா அவரைப் பிடித்துக்கொண்டது. அதே நீலகிரியில் நடுவட்டத்தில் அரசாங்கம் சிங்கோனா பயிரிட்டு, அதன் பட்டையிலிருந்து கொயினா எடுத்துக்கொண்டிருந்தது. மருந்து மேட்டில் விளைந்தது, நோய் சரிவில் காத்திருந்தது.

ஜூனில் செகந்திராபாத் திரும்பினார். அந்த வருடம் மழை பொய்த்து வெயில் கொளுத்தியது. நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்தன, கண்ணாடியும் விரிசல் விட்டிருந்தது. பங்கா இழுக்கச் சொன்னால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்று காற்றில்லாமலே உட்கார்ந்தார். ஆகஸ்ட் நடுவில் அவருடைய ஆட்கள் புது வகைப் புழு கொண்டுவந்தார்கள். ஜாடியில் வளர்த்ததும் சிறகில் புள்ளி போட்ட பழுப்புக் கொசுக்கள் வெளியே வந்தன. ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியை வலைக்குள் படுக்க வைத்து அவற்றைக் கடிக்க விட்டார். ஒரு கடிக்கு ஓர் அணா கூலி. பத்துக் கொசு கடித்தது, பத்து அணா.

கொசுவின் இரைப்பை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னது. ஊசி முனையால் அதைப் பிரித்தெடுத்து, ஒரு சொட்டு நீரில் பரப்பி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து, இரைப்பைச் சுவரில் இயல்பாக இருக்கிற ஒவ்வொரு உயிரணுவும் ராஸுக்கு மனப்பாடம். 20-ம் தேதி, கடித்து நான்கு நாள் ஆன ஒரு கொசுவை அறுத்தபோது அந்தச் சுவரில் அதுவரை பார்த்திராத உருண்டை ஒன்று தெரிந்தது. உள்ளே கரும்புள்ளிகள். இன்னொன்று, பிறகு இன்னொன்று, ஒரு டஜன் வரை. அந்தக் கரும்பொடி மலேரியா ஒட்டுண்ணி ரத்தத்தைத் தின்று மிச்சம் வைக்கிற சாயம். கொசுவின் உடலில் அதற்கு வேலையே இல்லை. மறுநாள், மிச்சமிருந்த கடைசிக் கொசுவை அறுத்தார். அதே உருண்டைகள், முந்தின நாளைவிடப் பெரிசாக. வளர்கிறது என்றால் உயிருள்ளது. நோயாளியின் ரத்தத்தில் இருந்தது கொசுவின் வயிற்றில் வளர்கிறது. இதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதி வைத்தார், நாவலாசிரியர் அல்லவா!

ஹுசேன் கானைப் பற்றிக் காய்ச்சல்காரர் என்பதற்கு மேல் வரலாறு அதிகம் சொல்லவில்லை. புழு தேடிக் குட்டைகளில் இறங்கியவர்களின் பெயர் அதைவிடக் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. பேகம்பேட்டைக் கட்டடம் இன்று ராஸ் பெயரிலான ஒட்டுண்ணியியல் நிலையமாக உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது.

குருவியும் சண்டையும்

கண்டுபிடித்த கையோடு மாற்றல் உத்தரவு வந்தது. ராஜபுதனத்து கேர்வாராவுக்கு, அங்கே மலேரியாக்காரரே அதிகம் கிடையாது. சர்க்கார் உத்தியோகத்தின் விசித்திரம் நூறு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் இருந்திருக்கிறது. மேன்சன் லண்டனில் ஆள் பிடித்து, ராஸை 1898-ல் கல்கத்தாவுக்கு மாற்ற வைத்தார். பிளேக் பீதியும் தடுப்பூசி வதந்தியும் ஊரைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம். ஊசியோடு ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்தாலே நோயாளிகள் ஓடினார்கள். மனித ரத்தம் கிடைக்காததால் ராஸ் பறவைகளுக்குப் போனார். குருவிக்கும் மலேரியா உண்டு.

அங்கேதான் சுழற்சி முழுதாக அகப்பட்டது. இரைப்பையில் பெருத்த உருண்டைகள் வெடித்து, நூல் போன்ற நுண்ணுயிர்கள் சிதறி, கொசுவின் தலைப்பக்கம் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் போய்ச் சேர்வதை 1898 ஜூலையில் பார்த்தார். கடிக்கும்போது உமிழ்நீரோடு அவை உள்ளே இறங்குகின்றன. தண்ணீர் குடிக்கிற கதை அன்றோடு முடிந்தது. நோயில்லாத 28 குருவிகளைக் கொசுக்கடிக்கு விட்டார். இருபதுக்கும் மேற்பட்டவற்றுக்கு நோய் வந்தது. கல்கத்தாவில் முகமது பக்‌ஷ் என்ற உதவியாளர் இரவு பகலாகக் கொசு பிடித்தும் வளர்த்தும் கொடுத்தார். ராஸ் அவரை நினைவுக் குறிப்புகளில் மறக்கவில்லை. அந்த மட்டில் நல்லது.

அதே வருடக் கடைசியில் ரோமில் கிராஸி, பிஞ்ஞாமி, பாஸ்தியானெல்லி மூவரும் மனித மலேரியாவின் முழுச் சுழற்சியையும் அனாபிலஸ் கொசுவில் காட்டினார்கள். எந்தக் கொசு என்று இனம் சொன்னவர்கள் அவர்கள்தான். ராஸுக்குப் பூச்சியியல் தெரியாது. ‘சிறகில் புள்ளி போட்ட கொசு’ என்பதற்கு மேல் அவரால் பெயர் சொல்ல முடியவில்லை. கிராஸிக்கும் நோபலில் பங்கு உண்டா என்ற சர்ச்சை இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. கிராஸிக்குச் சேர வேண்டியது அவருக்குப் போகவில்லை என்றே எனக்குப் படுகிறது. ராஸ் மட்டும் சாகும்வரை இத்தாலியர்களைத் திருடர்கள் என்றே ஏசினார். அவர் சண்டை போடாத ஆள் குறைவு. சம்பளம் போதவில்லை என்று அரசாங்கத்தோடு சண்டை, கடைசியில் வழிகாட்டிய மேன்சனோடும் வழக்கு என்கிற அளவுக்கு மனஸ்தாபம். பெரிய மூளைக்குச் சின்ன மனசும் சில சமயம் கூடவே வாய்த்துவிடுகிறது.

கணக்கு

1899-ல் ஓய்வு பெற்று லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். கொசுதான் காரணம் என்று தெரிந்துவிட்டது, இனி என்ன, கொசுவை ஒழிப்போம் என்று கிளம்பினார். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போய் ஃப்ரீடவுன் தெருக்களில் குட்டை மூடினார். கொசுப் படை அமைப்பது எப்படி என்று 1902-ல் கைப்புத்தகம் போட்டார். அதே வருடம் சூயஸ் கால்வாய் கம்பெனி கூப்பிட்டு இஸ்மாயிலியா நகரத்தைக் காட்டியது. அங்கே வேலை பலித்தது. சில வருடத்தில் புது மலேரியாவே அங்கே இல்லாமல் போனது. பாலைவனத்து நடுவில் சின்ன ஊர், கையில் கம்பெனிப் பணம், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஃப்ரீடவுனில் மழை கொட்டும், பணம் கிடையாது. மூடிய குட்டைக்குப் பக்கத்தில் புதுக் குட்டை. அங்கே கொசு மறுபடி வந்துவிட்டது.

எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் இருக்கிற எல்லாக் கொசுவையும் கொல்ல முடியுமா, கொல்ல முடியாதென்றால் பாதியைக் கொன்று என்ன பயன்? லாகூருக்குப் பக்கத்தில் மியான்மீர் படைமுகாமில் அரசாங்கமே ஒரு பரிசோதனை நடத்தி, புழு ஒழிப்பால் பலனில்லை என்று அறிக்கை கொடுத்தது. வாய்க்கால் பாசனம் ஓடுகிற முகாம், ஒதுக்கிய பணமோ அற்பம். அதை வைத்து ஒரு முறையையே தள்ளிவிட்டீர்களே என்று ராஸ் கொதித்தார். ஆனால் கொதித்தால் பதில் ஆகாது. பாதியைக் கொன்றால் என்ன ஆகும் என்பதற்கு எண்ணில் பதில் வேண்டும்.

பதில் மொரீஷியஸில் பிறந்தது. 1907 கடைசியில் அரசாங்க அழைப்பின் பேரில் அங்கே போய் மூன்று மாதம் தங்கினார். கரும்புத் தோட்டங்களில் பாதிக்கு மேல் இந்தியக் கூலிகள். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தமிழர்களும் தெலுங்கர்களும் அவர்களில் உண்டு. 1860-களின் நடுவில்தான் மலேரியா அந்தத் தீவுக்குள் நுழைந்தது. 1867-ல் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ராஸ் தோட்டம் தோட்டமாகப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று எண்ண ஏற்பாடு செய்தார். நம் பாட்டிமார் காய்ச்சற்கட்டி என்று சொன்னது அதைத்தான். எத்தனை பிள்ளைக்கு வீக்கம் என்பது அந்த இடத்தில் மலேரியா எவ்வளவு என்பதற்கு அளவுகோல்.

அந்த அறிக்கையிலும், அதைத் தொடர்ந்து 1910-ல் வந்த ‘மலேரியாத் தடுப்பு’ என்ற புத்தகத்திலும் அவர் போட்ட கணக்கு இப்படிப் போகிறது. ஆயிரம் பேர் உள்ள ஊர். ஒருவருக்கு மட்டும் மலேரியா. அவரைத் தேடி 48 அனாபிலஸ் கொசு வருவதாக வைத்துக்கொள்வோம். வலை, போர்வை, விசிறி, அடித்துக் கொல்லும் கை எல்லாம் தாண்டிக் கடித்து ரத்தம் குடிப்பது நாலில் ஒன்று; ஆக 12. குடித்த ரத்தத்தில் இருக்கிற ஒட்டுண்ணி கொசுவின் உடலுக்குள் முதிர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை பல்லி, சிலந்தி, காற்று, வெயிலுக்குத் தப்பி உயிரோடு இருப்பது மூன்றில் ஒன்று, மிச்சம் 4. அந்த நாலில் இன்னொரு மனிதரைக் கடிக்க வாய்ப்புக் கிடைப்பது ஒன்றுக்குத்தான். ஆக, ஒரு நோயாளியிடமிருந்து ஒரே ஒரு புது நோயாளி உண்டாக 48 கொசு வேண்டும். அந்த 48-ம் இந்த ஒருவரைத் தேடித்தான் வர வேண்டும் என்பதில்லையே. ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அப்படியென்றால் ஊரில் மொத்தம் 48,000 கொசு இருந்தால்தான் அந்த ஒருவருடைய பங்குக்கு 48 வரும்.

இந்த நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று எல்லாம் ஊகம்தான், ராஸுக்கும் தெரியும். ஆனால் கணக்கின் வடிவம் ஊகம் இல்லை. இன்னொரு பக்கம், நோயாளிகள் குணமாகிக்கொண்டே இருக்கிறார்கள். மாதத்துக்கு இத்தனை பேர் புதிதாகப் படுக்கிறார்கள், இத்தனை பேர் எழுகிறார்கள். படுப்பவர் எண்ணிக்கை எழுபவர் எண்ணிக்கையைவிடக் குறைந்துவிட்டால் நோய் மெல்ல மெல்லத் தேய்ந்து போகும், ஊரில் கொசு இருந்தாலும்கூட! ராஸின் எண்களை வைத்துப் பார்த்தால் அந்த எல்லைக்கோடு ஆளுக்கு நாற்பது அனாபிலஸை ஒட்டி வந்தது. அதற்கு மேலே கொசு கொஞ்சம் கூடினாலும் நோய் எகிறும், கீழே போனால் இல்லாமலே போகும். கடைசிக் கொசு வரை துரத்த வேண்டியதில்லை. எதிரிகள் கேட்ட ‘பாதியைக் கொன்று என்ன பயன்’ என்ற கேள்விக்குப் பதில் இது: அந்தப் பாதி எல்லைக்கோட்டைத் தாண்டி இறக்கினால் முழுப் பயன்.

டாக்டர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. சமன்பாடு போட்ட மருத்துவப் புத்தகத்தை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் 1901-ல் சியரா லியோன் பயணத்தில் ராஸோடு போன ஆண்டர்சன் மெக்கெண்ட்ரிக் என்ற இளம் டாக்டரைக் கணக்கு பிடித்துக்கொண்டது. ராஸ்தான் அவரை அந்தப் பக்கம் தள்ளினார். மெக்கெண்ட்ரிக் கசௌலி பாஸ்டர் நிலையத்தில் வேலை பார்த்து, பிறகு எடின்பரோ திரும்பி, 1927-ல் கெர்மாக் என்பவரோடு சேர்ந்து கொள்ளைநோய் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்பதற்குப் பொதுக் கணக்கு எழுதினார். அதைச் சரிபார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது பம்பாய் பிளேக்கின் மரண எண்ணிக்கை. கொரோனா காலத்தில் டிவியில் தினமும் கேட்டோமே, ஒருவர் எத்தனை பேருக்குப் பரப்புகிறார், ஒன்றுக்குக் கீழே இறங்கியதா என்று, அந்தப் பேச்சின் பூர்வீகம் இந்த 48 கொசுதான்.

ராஸ் 1932 செப்டம்பர் 16-ம் தேதி லண்டனில் தன் பெயரில் அமைந்த நிலையத்திலேயே இறந்தார். சர் பட்டம் கிடைத்திருந்தது. பணக் கவலை மட்டும் கடைசிவரை விடவில்லை. தன் காகிதங்களையே விற்க நேர்ந்தது.

கணக்குக்கு மேல் கணக்கு

அதே நிலையத்துக்குப் பின்னால் தலைவராக வந்த ஜார்ஜ் மெக்டொனால்ட் 1950-களில் ராஸின் கணக்கைத் தூசி தட்டி எடுத்தார். 12-லிருந்து 4-க்கு இறங்கும் இடத்தில் அவர் கண் நின்றது. கொசு எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உதாரணத்துக்கு, ஒரு நாளில் நூற்றுக்கு 95 கொசு பிழைக்கிற இடத்தில், ஒட்டுண்ணி முதிர 12 நாள் என்றால், 12-ம் நாள் சுமார் 54 மிஞ்சும். நாள் பிழைப்பு 95-லிருந்து 80-க்கு இறங்கினால் 12-ம் நாள் மிஞ்சுவது 7-தான். தொட்டியைக் கவிழ்த்துக் கொசுவைப் பாதியாக்கினால் நோய்க்கு வழி பாதியாகும். கொசுவின் ஆயுளில் கைவைத்தால் எட்டில் ஒன்றாகும். ரத்தம் குடித்த அனாபிலஸ் பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் உட்காரும். சுவரில் டிடிடி பூச்சிமருந்து அடித்து வைத்தால் அங்கேயே தீர்ந்தது கதை. 1955-ல் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியாவை உலகத்திலிருந்தே ஒழிப்போம் என்று கிளம்பியதற்கு முதுகெலும்பு இந்தத் தர்க்கம்.

இந்தியாவில் சுதந்திரம் வந்த சமயம் வருடத்துக்கு ஏழரைக் கோடி பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1960-களின் நடுவில் அது சுமார் ஒரு லட்சம் பேராகச் சுருங்கியது. இலங்கையில் இன்னும் அதிசயம். 1934-35 கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேரைப் பறிகொடுத்த தீவில், 1963-ல் மொத்த மலேரியா நோயாளிகள் 17 பேர். அப்புறம் என்ன, முடிந்துவிட்டது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், ஆட்களை வேறு வேலைக்கு மாற்றினார்கள். 1969-ல் நோயாளிகள் ஐந்து லட்சத்துக்கு மேல். இந்தியாவும் அதே பாதையில் நடந்து 1976-ல் 64 லட்சத்தில் போய் நின்றது. கொசுவுக்கும் டிடிடி பழகிப் போயிருந்தது. டிடிடி பலிக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தவரை, பலித்ததுதான் வினையாயிற்று. எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கியதை, கொசுவே ஒழிந்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

இலங்கை பாடம் படித்தது. உள்நாட்டுப் போரின் நடுவிலும் மலேரியா ஒழிப்பு இயக்கத்து ஊழியர்கள் வடக்கிலும் கிழக்கிலும் வேலையை விடவில்லை. உள்ளூரில் பரவிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில். 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. கவனிக்க வேண்டியது, இலங்கையில் மலேரியா பரப்பும் அனாபிலஸ் இன்றும் ஏராளமாக இருக்கிறது. கொசு இருக்கும், நோய் இருக்காது என்று நூறு வருடத்துக்கு முன்னால் ராஸ் காகிதத்தில் காட்டியதை ஒரு நாடே நிரூபித்துக் காட்டியது.

மன்னார் கிணறுகள்

சான்றிதழ் வந்த அதே வருடம் டிசம்பரில் மன்னாரில் புதுக் கொசு ஒன்று அகப்பட்டது. அனாபிலஸ் ஸ்டீபன்சி. நம்மூர்க்காரர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சென்னையின் மலேரியாவுக்குப் பல காலமாக இதுதான் காரணம். குட்டை, வயல், ஓடை என்று மற்ற அனாபிலஸ்கள் தேடுகிற இடம் இதற்கு வேண்டாம்; மூடி சரியாக இல்லாத மாடித் தொட்டி, கிணறு, கட்டுமான வேலைக்குத் தேக்கி வைத்த சிமென்ட் தொட்டி போதும். கார்ப்பரேஷன் ஊழியர் ஏணி கேட்டு வந்து மொட்டை மாடிக்கு ஏறுவது இதைத் தேடித்தான். செகந்திராபாத்தில் ராஸ் அறுத்த புள்ளிச் சிறகுக் கொசுவும் பெரும்பாலும் இந்த இனமாகத்தான் இருக்கும் என்று கருதுகிறார்கள்.

இந்தக் கொசு இப்போது ஊர் சுற்றக் கிளம்பியிருக்கிறது. 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் காணப்பட்டது, 2016-ல் எத்தியோப்பியாவில். 2022-ல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரத்தில் மழையே இல்லாத மாதங்களில் மலேரியா கிளம்பியது. தேடிப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிகளில் ஸ்டீபன்சி. ஆப்பிரிக்காவில் மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோய். நகரத்துத் தண்ணீர்த் தொட்டியில் வளரும் கொசு அங்கே பழக்கமில்லாத ஒன்று. 2023-ல் உலகம் முழுக்க மலேரியாவில் செத்த சுமார் 5,97,000 பேரில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், அதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அங்கே நகரங்களும் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இப்போதைய பயம்.

மன்னாரில் புழு அகப்பட்டது குடிதண்ணீர்க் கிணறுகளில். அடுத்த வருடம் யாழ்ப்பாணத்திலும் இருப்பது தெரிந்தது. குடிக்கிற தண்ணீரில் நினைத்த மருந்தை நினைத்தபடி ஊற்ற முடியாது. இலங்கை மலேரியா ஒழிப்பு இயக்கம் கிணறு கிணறாகப் போய்ப் புழு தின்னும் மீன்களை விட்டது, பயன்படாத கிணறுகளை மூடச் சொன்னது. இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மலேரியாவோடு வந்து இறங்குபவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் வீட்டைச் சுற்றிக் கொசு தேடுவதும் தொடர்ந்து நடக்கிறது. 2018 டிசம்பரில் மொனராகலையில் அப்படி வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்கு நோய் தொற்றியது. உடனே பிடித்து மருந்து கொடுத்து, சுற்றுவட்டாரம் முழுக்கச் சோதித்தார்கள். இரண்டாவது ஆளுக்கு அது போகவில்லை.